பச்சை மரத்தில் செய்த வண்டி

இரண்டு சக்கரம், நடுவே ஒரு மரப்பெட்டி, முன்னால் இழுப்பதற்கு ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவுதான் அந்தக் கைவண்டி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அதைத் தெரியாத குழந்தை இருக்காது. சால்ட் லேக் சிட்டியில் வெண்கலத்தில் வார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். ஜூலை 24 அன்று நடக்கும் முன்னோடிகள் தின ஊர்வலத்தில் அது உருண்டுவருகிறது. கோடை விடுமுறையில் வயோமிங் மாநிலத்துப் புல்வெளிகளில் ஆயிரக்கணக்கான பதின்வயதுப் பிள்ளைகள் அதைத் தங்கள் கையாலேயே இழுத்துச் செல்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு நீளப் பாவாடையும் துணித் தொப்பியும், பையன்களுக்கு வார் வைத்த கால்சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும். மூன்று நாளோ நான்கு நாளோ கைபேசி கிடையாது. இதற்கு 'டிரெக்' என்று பெயர்.

இவர்கள் மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் மக்களின் பிள்ளைகள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். 1856 முதல் 1860 வரை தங்கள் சபையின் முன்னோர் கைவண்டியோடு நடந்த நடையை மீண்டும் நடந்து பார்க்க வருகிறார்கள். இவர்களை உடலாலும் மனத்தாலும் எப்படித் தயார்செய்து அனுப்புவது என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் பெரியவர்கள் மாதக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். அதற்கான விடையில் பெரும்பகுதி அந்த வண்டியின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அது ஏன் பிறந்தது, எந்த மரத்தில் செய்யப்பட்டது, எந்த இடத்தில் உடைந்தது என்று பார்த்துக்கொண்டே வந்தால், நம்பிக்கைக்கும் முன்னேற்பாட்டுக்கும் உள்ள உறவு தெளிவாகிவிடும்.

பணமில்லாக் காலத்தில் பிறந்த யோசனை

1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. போன இடமெல்லாம் விரட்டப்பட்டார்கள். 1844இல் இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. 1846 குளிர்காலத்தில் நாவூ என்ற தங்கள் நகரத்தை விட்டுக் கிளம்பியவர்கள், பிரிகாம் யங் தலைமையில் 1847 ஜூலையில் ராக்கி மலைகளைத் தாண்டிப் பெரிய உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். அவர்கள் வந்தது மாட்டு வண்டிகளில்.

இதற்கிடையில் பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் நூற்பாலைத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், சிறு கைவினைஞர்கள். சீயோன் என்று தாங்கள் நம்பிய அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு இருந்தது; கப்பலுக்கும் வண்டிமாட்டுக்கும் பணம் இல்லை. ஏழைகளை அழைத்துவர 1849இல் சபை ஒரு நிதியம் ஏற்படுத்தியது. கடன் கொடுத்துக் கூட்டிவருவது, வந்தவர்கள் உழைத்துத் திருப்பிக் கொடுப்பது, அந்தப் பணத்தில் அடுத்தவரை அழைப்பது என்பது ஏற்பாடு. 1855இல் யூட்டாவின் வயல்களை வெட்டுக்கிளி அழித்தது, வறட்சியும் வந்தது. நிதியம் வற்றிப்போனது.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் லிவர்பூலில் இருந்த ஐரோப்பியப் பணித் தலைவர் பிராங்க்ளின் ரிச்சர்ட்ஸுக்கு பிரிகாம் யங் ஒரு கடிதம் எழுதினார். இனி மாட்டு வண்டி வாங்க வசதியில்லை. கைவண்டி செய்துகொண்டு நடந்தே வரட்டும் என்பது அதன் சாரம். மாடுகளோடு ஒரு வண்டி வாங்கப் பல நூறு டாலர் ஆகும். கைவண்டிக்கு இருபது டாலருக்குள் முடிந்துவிடும். லிவர்பூலிலிருந்து யூட்டா வரை ஆளுக்கு ஒன்பது பவுண்டு என்று அறிவித்தார்கள்.

இன்று படிப்பவருக்கு இது கொடுமையான யோசனையாகத் தோன்றலாம். அன்று அதைக் கேட்டவர்களுக்குப் பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த கதவு திறந்தது. 1856இல் மட்டும் ஏறத்தாழ 1,900 பேர் கைவண்டியோடு நடக்க முன்வந்தார்கள். கைக்குழந்தையோடு தாய்மார்கள் வந்தார்கள், எழுபது வயதைக் கடந்தவர்களும் வந்தார்கள்.

அயோவா சிட்டியில் தச்சுவேலை

அப்போது ரயில் தண்டவாளம் மேற்கே அயோவா சிட்டியோடு நின்றது. அங்கிருந்து சால்ட் லேக் சிட்டி சுமார் 2,100 கிலோமீட்டர். ரயிலை விட்டு இறங்கியவர்கள் ஊருக்கு வெளியே முகாமிட்டார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம், வண்டிகள் போதவில்லை. கூடாரங்களைப் பெண்கள் தைத்தார்கள், வண்டிகளை ஆண்கள் அடித்தார்கள்.

இங்கேதான் வண்டியின் தலையெழுத்து எழுதப்பட்டது. வண்டிச் சக்கரம் செய்கிற தச்சர் எந்த நாட்டுக்காரரானாலும் முதலில் பார்ப்பது மரம் காய்ந்திருக்கிறதா என்றுதான். வெட்டிய மரத்தை மாதக்கணக்கில் நிழலில் அடுக்கிவைத்து ஈரம் வற்றிய பிறகே உளி வைப்பார்கள். அயோவா சிட்டியில் அதற்கு நேரம் இல்லை. ஈரம் போகாத பச்சை மரத்திலேயே குடமும் ஆரக்காலும் வட்டையும் செதுக்கினார்கள். எடையும் செலவும் குறைய வேண்டும் என்று பல வண்டிகளுக்கு இரும்பைக் குறைத்தார்கள். அச்சும் மரம், அது சுழலும் குடமும் மரம்.

வண்டியின் வெறும் எடை முப்பது கிலோவுக்குள் இருக்கும். பெட்டி ஒரு மீட்டர் அகலம், அதைவிடச் சற்றுக் கூடுதலான நீளம். பக்கப் பலகை ஒரு சாண் உயரம். ஐந்து பேருக்கு ஒரு வண்டி, இருபது பேருக்கு ஒரு வட்டக் கூடாரம், நூறு பேருக்கு உணவும் கூடாரமும் சுமக்க ஒரு மாட்டு வண்டி என்பது கணக்கு. ஒருவர் எடுத்துவரக்கூடிய மொத்த உடைமை 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவு. படுக்கை, உடை, சமையல் பாத்திரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கடல் கடந்து கொண்டுவந்த கெட்டிலையும் புத்தகத்தையும் மெத்தையையும் அயோவா சிட்டியிலேயே விற்றார்கள், கொடுத்தார்கள், விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த முகாமில் ஆர்ச்சர் வால்டர்ஸ் என்றொரு தச்சர் இருந்தார். இங்கிலாந்தின் ஷெபீல்டிலிருந்து மனைவியோடும் ஐந்து குழந்தைகளோடும் வந்தவர். அவருடைய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. பகலில் கைவண்டி செய்தார். குழந்தைகள் இறந்தபோது அவர்களுக்குச் சவப்பெட்டி செய்தார். வழியில் பழுதான வண்டிகளைச் சரிசெய்துகொண்டே முதல் குழுவோடு பள்ளத்தாக்கு வரை நடந்தார். வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள் வயிற்றுப்போக்கிலும் களைப்பிலும் இறந்துபோனார். வண்டியைச் செய்த கைகளில் நமக்குப் பெயர் தெரிந்தவை மிகக் குறைவு. அவற்றில் வால்டர்ஸின் கை ஒன்று.

உருண்ட வண்டிகளும் உடைந்த வண்டிகளும்

எட்மண்ட் எல்ஸ்வொர்த் தலைமையில் முதல் குழு 1856 ஜூன் தொடக்கத்தில் கிளம்பி செப்டம்பர் 26 அன்று சால்ட் லேக் சிட்டியை அடைந்தது. இரண்டாவது குழுவும் அன்றே சேர்ந்தது. பிரிகாம் யங் ஊருக்கு வெளியே சென்று வாத்திய இசையோடு வரவேற்றார். மூன்றாவது குழு அக்டோபர் 2 அன்று வந்தது. வழியில் துன்பம் இருந்தது, சாவுகளும் இருந்தன. ஆனாலும் திட்டம் நிறைவேறியது. காலத்தோடு கிளம்பினால் கைவண்டி போய்ச் சேரும் என்பது நிரூபணமாயிற்று. இதைச் சொல்லாமல் விட்டால் மீதிக் கதை தவறாகவே புரியும்.

நான்காவது குழு ஜேம்ஸ் வில்லியின் தலைமையில் ஜூலை நடுவிலும், ஐந்தாவது குழு எட்வர்ட் மார்ட்டினின் தலைமையில் ஜூலை கடைசியிலும்தான் அயோவா சிட்டியை விட்டன. கப்பல் தாமதம், அதன்மேல் வண்டி செய்யும் தாமதம். வில்லியின் குழு மிசௌரி ஆற்றங்கரையில் இருந்த பிளாரன்ஸ் என்ற ஊரை அடைந்தபோது ஆகஸ்ட் பிறந்துவிட்டது. போவதா, குளிர்காலத்தை அங்கேயே கழிப்பதா என்று கூட்டம் கூடிப் பேசினார்கள்.

லீவை சாவேஜ் எழுந்து பேசினார். அந்தக் குழுவின் உபதலைவர்களில் ஒருவர். முன்பே மேற்கு வழியில் பயணம் செய்தவர், மலைப்பனியை அறிந்தவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஆசியாவில் பணியை முடித்துத் திரும்பியிருந்தார். 1853இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா வந்து, அங்கிருந்து பர்மா சென்று ஊழியம் செய்தவர். அவரோடு அதே கப்பலில் வந்த ரிச்சர்ட் பாலன்டைன் சென்னைக்கு வந்து சபைக்காகச் சிறு இதழ் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டது நம் ஊர் வரலாற்றில் ஒரு மூலையில் கிடக்கும் செய்தி.

இவ்வளவு தாமதமாகப் பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கூட்டிக்கொண்டு போனால் பலர் சாவார்கள் என்று சாவேஜ் கண்ணீரோடு சொன்னார். அதை நம்பிக்கைக் குறைவு என்று எடுத்துக்கொண்டவர்கள் அதிகம். போவதென்று பெரும்பான்மை முடிவு செய்தது. தான் சொன்னது உண்மை என்று தனக்குத் தெரியும் என்றும், ஆனாலும் நீங்கள் போவதானால் உங்களோடு வந்து உங்களுக்கு உதவுவேன், தேவையானால் உங்களோடு சாவேன் என்றும் சாவேஜ் பதில் சொன்னார். சொன்னபடியே போனார். சுமார் நூறு பேர் மட்டும் பிளாரன்ஸில் தங்கிவிட்டார்கள்.

அங்கிருந்து கிளம்பும்போது ஒவ்வொரு கைவண்டியிலும் 44 கிலோ மாவு மூட்டை ஒன்று கூடுதலாக ஏறியது. காற்று வறள வறளப் பச்சை மரம் சுருங்கியது. ஆரக்கால்கள் குடத்தில் ஆட்டம் கண்டன, வட்டை விரிந்தது. மர அச்சும் மரக் குடமும் உரசும் இடத்தில் மணல் புகுந்து அரைத்தது. வண்டி மை கைவசம் இல்லாதவர்கள் சோப்பைத் தடவினார்கள், சாப்பிட வைத்திருந்த பன்றிக்கொழுப்பைத் தடவினார்கள். அந்தப் பிசுக்கில் மணல் ஒட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அரைத்தது. தேய்ந்த அச்சில் செருப்புத் தோலையும் தகரத் தட்டுகளை வெட்டிய துண்டுகளையும் சுற்றினார்கள். அச்சு முறிந்தால் கூட்டம் முழுவதும் நிற்க வேண்டும். போகிற ஒவ்வொரு நாளும் அக்டோபரை நெருங்கிக்கொண்டிருந்த பயணத்தில் நாட்கள் இப்படி நழுவின. செப்டம்பர் தொடக்கத்தில் காட்டெருமைக் கூட்டம் மிரண்டு ஓடியதில் வில்லி குழுவின் மாடுகள் ஏறத்தாழ முப்பது காணாமல் போயின. மாட்டு வண்டியில் இருந்த மாவையும் கைவண்டிகளே சுமக்க நேர்ந்தது.

எடைக்கும் குளிருக்கும் நடுவே நடந்த கொடிய பேரத்தை மார்ட்டின் குழு அக்டோபர் 17 அன்று சந்தித்தது. இழுக்கத் தெம்பில்லாமல் போனதால், டீர் கிரீக் என்ற இடத்தில் பெரியவர்களின் உடைமையைப் பத்துப் பவுண்டாகக் குறைத்தார்கள். போர்வையும் கோட்டும் குவிக்கப்பட்டு எரிந்தன. இரண்டு நாள் கழித்து நார்த் பிளாட் ஆற்றை இடுப்பளவுத் தண்ணீரில் கடந்தார்கள். அன்றே பனிப்புயல் அடித்தது.

வில்லி குழுவுக்கு நாளொன்றுக்கு 450 கிராமாக இருந்த மாவு ஏறத்தாழ 300 கிராமாகக் குறைந்து, பிறகு தீர்ந்தே போனது. அக்டோபர் 23 அன்று அவர்கள் ராக்கி ரிட்ஜ் என்ற பாறைமேட்டைப் பனிக்காற்றில் ஏறிக் கடந்தார்கள். இரவெல்லாம் நடந்து ராக் கிரீக்கில் முகாமிட்டபோது இறந்தவர்கள் பதின்மூன்று பேர். அவர்களை ஒரே குழியில் புதைத்ததை அந்தக் குழுவின் உபதலைவர்களில் ஒருவரான ஜான் சிஸ்லெட் பின்னால் எழுதிவைத்தார். குழி தோண்டியவர்களில் இருவர் அதன்பின் இறந்து, அருகிலேயே புதைக்கப்பட்டார்கள்.

மீட்பு

வழியில் இன்னும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி அக்டோபர் 4 மாலை சால்ட் லேக் சிட்டிக்கு எட்டியது. மறுநாள் சபைக்கூட்டம். பிரிகாம் யங் வேறு பிரசங்கம் செய்யவில்லை. புல்வெளியில் இருப்பவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பதே இன்றைக்கு நம் மதம், அதைச் செய்யாவிட்டால் உங்கள் விசுவாசம் உங்களைக் காப்பாற்றாது என்ற பொருளில் பேசினார். கோவேறு கழுதைகள், வண்டியோட்டிகள், பன்னிரண்டு டன் மாவு என்று கணக்காகக் கேட்டார். பெண்கள் அந்த மண்டபத்திலேயே உள்பாவாடையையும் காலுறையையும் கழற்றி வண்டிகளில் போட்டதாக லூசி மெசர்வ் ஸ்மித் எழுதியிருக்கிறார். இரண்டே நாளில் முதல் மீட்பு வண்டிகள் கிளம்பின. மாதக் கடைசியில் ஏறத்தாழ 250 வண்டிகள் வழியில் இருந்தன.

வில்லி குழு நவம்பர் 9 அன்றும், மார்ட்டின் குழு நவம்பர் 30 அன்றும் ஊர் வந்து சேர்ந்தன. இரண்டிலுமாக 200க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். உறைபனியில் கால்விரல்களை, காலையே இழந்தவர்கள் இருந்தார்கள். வண்டிகளில் பெரும்பாலானவை டெவில்ஸ் கேட் பகுதியிலும் வழிநெடுகவும் கைவிடப்பட்டன. அங்கே விட்ட உடைமைகளுக்குக் காவலாக டான் ஜோன்ஸ் தலைமையில் இருபது பேர் குளிர்காலம் முழுவதும் தங்கினார்கள். சாப்பாடு தீர்ந்ததும் காய்ந்த மாட்டுத்தோலை வேகவைத்துத் தின்று உயிர் பிழைத்தார்கள்.

அதே வண்டி, வேறு மரம்

இவ்வளவுக்குப் பிறகு கைவண்டியைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். காலம் தாழ்ந்து புறப்பட விட்டவர்களை பிரிகாம் யங் வெளிப்படையாகவே கண்டித்தார். வண்டியை மட்டும் கைவிடவில்லை. 1857 ஏப்ரலில் ஏறத்தாழ எழுபது ஊழியர்கள் சால்ட் லேக் சிட்டியிலிருந்து கிழக்கு நோக்கிக் கைவண்டியோடு கிளம்பி, ஜூனில் பிளாரன்ஸை அடைந்தார்கள். வண்டியைச் சரியாகச் செய்து, சரியான பருவத்தில், தெம்புள்ளவர்கள் இழுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சான்று. தொடர்ந்த ஆண்டுகளில் வந்த வண்டிகளில் மரம் தேர்ந்தெடுக்கப்பட்டது, அச்சில் இரும்பு கூடியது, புறப்படும் தேதிக்கு மதிப்பு வந்தது. கடைசியான பத்தாவது குழு 1860இல் வந்தது. ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பேர் 650 வண்டிகளோடு நடந்திருந்தார்கள். இறந்த சுமார் 250 பேரில் மிகப் பெரும்பாலோர் 1856இன் அந்த இரண்டு குழுக்களைச் சேர்ந்தவர்கள். 1869இல் ரயில் பாதை நாட்டின் இரு கரைகளையும் இணைத்ததும் நடந்து வரவேண்டிய தேவையே போயிற்று.

இதன்பின் வண்டி நினைவில் வாழத் தொடங்கியது. நார்வேயில் பிறந்த சிற்பி டார்லீஃப் நாபஸ், வண்டியை இழுக்கும் தந்தையையும் தாயையும் பின்னால் தள்ளும் மகனையும் சிலையாக வடித்தார். அதன் பெரிய வெண்கல வடிவம் 1947இல் சால்ட் லேக் சிட்டியின் கோவில் வளாகத்தில் நிறுவப்பட்டது. குடியேற்றத்தின் நூற்றாண்டான அதே ஆண்டு, ஒரு குழுவினர் மோட்டார் கார்களுக்கு மாட்டு வண்டிபோல் வெள்ளைக் கூண்டு கட்டி நாவூவிலிருந்து பயணம் வந்தார்கள். பிற்பாடு இளைஞர்களைக் கைவண்டி இழுக்கவைக்கும் வழக்கம் வட்டாரம் வட்டாரமாகப் பரவியது. மார்ட்டின் குழு பனிப்புயலுக்கு ஒதுங்கிய பாறை வளைவுக்குப் பக்கத்துப் பண்ணையைச் சபை வாங்கி, 1997இல் அங்கே வருகையாளர் மையம் திறந்தது. மார்ட்டின்ஸ் கோவ் எனப்படும் அந்த வளைவு அரசு நிலம்; பின்னர் அதைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மங்கோலியாவிலும்கூட இன்று சபையின் பிள்ளைகள் கைவண்டி இழுக்கிறார்கள். அவர்களில் பலருடைய முன்னோருக்கு யூட்டா எங்கிருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

வண்டியைத் தொடும் முன்

பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தை 'ஸ்டேக்' என்பார்கள். டிரெக் நடத்தும் ஸ்டேக்குகள் பெரும்பாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதை நடத்துகின்றன. 14 வயது நிறையும் ஆண்டு முதல் போகலாம். எட்டு முதல் பத்துப் பிள்ளைகளை ஒரு 'குடும்பம்' ஆக்கி, ஒரு தம்பதியை அவர்களுக்கு அம்மா அப்பாவாக நியமிக்கிறார்கள். உடன்பிறந்தவர்களையும் நெருங்கிய நண்பர்களையும் வேறு வேறு குடும்பங்களில் பிரித்துப் போடுவதும் உண்டு. முன்பின் பழகாதவரோடு ஒரே கட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

தயாரிப்பு காலிலிருந்து தொடங்குகிறது. புதுச் செருப்போடும் புதுச் சப்பாத்தோடும் வரக் கூடாது. இரண்டு மூன்று மாதம் போட்டு நடந்து பழகிய சப்பாத்து வேண்டும். மெல்லிய காலுறைமேல் தடித்த காலுறை. தோல் சிவந்து எரியத் தொடங்கியதுமே உட்கார்ந்து ஒட்டுப்பட்டை போட வேண்டும். கொப்புளம் வந்த பிறகு போடுவது வீண். வாரம் ஒருநாள் நடையை ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போகச் சொல்கிறார்கள். ஒரு நாளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மணலிலும் மேட்டிலும் இழுக்கப்போகிறவர்கள் அவர்கள்.

அடுத்தது வாளி. மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றில் மாற்றுடை, மழைச்சட்டை, தட்டு, வேதநூல், குறிப்பேடு எல்லாம் அடங்க வேண்டும். மூடினால் அதுவே உட்கார முக்காலி. வாளியும் படுக்கையும் சேர்த்து 17 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று பல ஸ்டேக்குகள் விதி வைத்துத் தராசில் நிறுத்துப் பார்க்கின்றன. என்னைக் கேட்டால், இதைவிடச் சிறந்த வரலாற்று வகுப்பு கிடையாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் தன் அறைத் தரையில் பொருள்களைப் பரப்பிவைத்து யோசிக்கும்போது, அயோவா சிட்டியில் கெட்டிலை விட்டுவந்த தாயின் கணக்கு அவளுக்குப் புரிகிறது. அப்போதே டீர் கிரீக் கதையையும் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். கனக்கிறது என்று கம்பளியை வெளியே எடுத்துவைக்க அவள் கை போகும்போது அந்தக் கதை தடுக்கும். மார்ட்டின்ஸ் கோவ் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் சுட்டெரிக்கும். ஜூனிலும் இரவு பல்லைக் கிட்டவைக்கும்.

மூன்றாவது தண்ணீர். வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும்; தாகம் எடுக்கும்போது உடல் ஏற்கெனவே வாடியிருக்கும். வெயிலில் சுருண்டு விழுவதை யாரும் வைராக்கியம் என்று கொண்டாடிவிடக் கூடாது. 2016இல் ஓக்லஹோமாவில் நடந்த ஒரு டிரெக்கில் இளம் பெண் தலைவர் ஒருவர் வெப்பத்தால் இறந்தார். மருத்துவ விவரப் படிவம், கூடவே நடக்கும் மருத்துவர் அல்லது செவிலியர், நோயாளியை எடுத்துச் செல்லத் தயாராக நிற்கும் வாகனம், வெயில் மிகுந்தால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர் ஆகியவை இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் ஆஸ்துமா உள்ள பிள்ளையும் எப்படிக் கலந்துகொள்வது என்பதையும் முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது வண்டியே. இன்றைய டிரெக் வண்டிகள் காய்ந்த மரத்தில் செய்து, இரும்புப் பட்டா கட்டி, இரும்பு அச்சில் ஓடுபவை. இரண்டு பேர் குறுக்குக் கட்டைக்குள் நின்று இழுக்கிறார்கள், மற்றவர்கள் பின்னாலும் பக்கத்திலும் தள்ளுகிறார்கள். வாளிகளும் கூடாரமும் தண்ணீர்ப் பீப்பாயும் ஏறினால் 200 கிலோவைத் தாண்டும். ஏற்றத்தில் ஆபத்து குறைவு, இறக்கத்தில்தான் அதிகம். ஆகவே சரிவு வந்ததும் பின்னால் இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்துக் குதிகாலை ஊன்றிக்கொள்கிறார்கள். முன்னால் நிற்பவர் கட்டையை மார்போடு அணைத்துச் சாய்ந்துகொண்டு அடி அடியாக இறங்குகிறார். நில் என்று யார் கத்தினாலும் எல்லோரும் நிற்க வேண்டும். வண்டிமேல் யாரும் ஏறி உட்காரக் கூடாது, சக்கரத்தருகே கையும் பாவாடை நுனியும் போகக் கூடாது. இதைப் பயணத்தன்று சொல்வதைவிட, முந்தைய வாரம் ஊரிலேயே ஒரு மேட்டில் காலி வண்டியை இறக்கிப் பழகவைப்பதே மேல்.

உள்ளத்தின் தயாரிப்பு

பல இடங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்று நடந்த ஒருவரின் பெயரைக் கொடுக்கிறார்கள். சிலருக்கு அது சொந்த மூதாதையின் பெயர், சிலருக்குத் தங்கள் வயதில் நடந்த அந்நியரின் பெயர். அவருடைய நாட்குறிப்பையோ அவரைப் பற்றிய நினைவுக்குறிப்பையோ படித்து வந்து, வழியில் தன் 'குடும்பத்துக்கு'ச் சொல்ல வேண்டும். இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் விசுவாசத்தை வாய்விட்டுச் சொல்லும் நேரம் உண்டு. வேதநூலோடும் குறிப்பேட்டோடும் தனியாக உட்காரும் நேரமும் உண்டு. கைபேசியின் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை, புல்வெளியில் தனியே உட்கார்ந்து தன் மனம் பேசுவதைக் கேட்பது லேசான காரியம் அல்ல. வீட்டிலேயே சில வாரங்கள் பதினைந்து நிமிடம் அப்படி உட்கார்ந்து பழகினால்தான் அங்கே அது கைகூடும். ஜெபம் பண்ணிப் பழகாத பிள்ளைக்கும் இதே வழிதான்.

பெண்பிள்ளைகள் மட்டும் வண்டியை மேட்டில் இழுப்பதும், பையன்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓரத்தில் மௌனமாக நிற்பதும் பல டிரெக்குகளில் இடம்பெறும் நிகழ்ச்சி. அழாமல் அந்த மேட்டைக் கடப்பவர் குறைவு. அந்த அழுகை பொய்யல்ல. ஆனால் பசியையும் சாவையும் நாடகமாக்கிப் பிள்ளைகளை அழவைப்பது எளிது, அந்த அழுகை சீக்கிரம் காய்ந்தும்விடும். அன்று பட்டினி கிடந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை பிள்ளைகளைப் பட்டினி போடுவதில் இல்லை. நன்றாகச் சாப்பிடவைத்து, உண்மையை முழுவதுமாகச் சொல்வதில் இருக்கிறது. பத்துக் குழுக்களில் எட்டு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பாதை பாவ்னி, லகோட்டா, ஷோஷோனி மக்களின் நிலம் வழியாகப் போனதையும், அந்தப் போக்குவரத்து அவர்களுடைய வேட்டையையும் மேய்ச்சலையும் குலைத்ததையும் சொல்ல வேண்டும்.

முக்கியமாக லீவை சாவேஜைச் சொல்ல வேண்டும். டிரெக் கதைகளில் அவர் பெயர் வருவது அவருடைய தியாகத்துக்காக. எச்சரித்தபிறகும் கூடவே போனார் என்று அவரைப் புகழ்கிறார்கள், புகழத் தக்கதுதான். பாதிக் கதை அதற்கு முந்தையது. தனக்குத் தெரிந்த உண்மையைக் கூட்டத்தின் நடுவே, நம்பிக்கையற்றவன் என்ற பெயர் வரும் என்று தெரிந்தே அவர் சொன்னார். அவருடைய விசுவாசம் பனியைப் பற்றிய அறிவோடு சண்டை போடவில்லை. ஒரு பிள்ளை தன் 'அம்மா அப்பா'விடம் வந்து, அந்தத் தம்பிக்குத் தலை சுற்றுகிறது, நாம் நிற்கலாம் என்று சொல்லும்போது அவள் சாவேஜின் வழியில் நிற்கிறாள். அப்படிச் சொன்னவளை உற்சாகமில்லாதவள் என்று யாரும் அடக்காமல் இருப்பதுதான் பெரியவர்களின் தயாரிப்பு.

1856இல் நடந்தவர்களிடம் விசுவாசத்துக்குக் குறைவே இல்லை. அவர்களிடம் குறைந்தது காய்ந்த மரம், இரும்பு அச்சு, இரண்டு மாத அவகாசம். அந்த மூன்றையும் கொடுத்திருக்க வேண்டியவர்கள் பொறுப்பில் இருந்தவர்கள். இன்று பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். காலுறையைப் பார்ப்பது, தண்ணீரை அளப்பது, கயிற்றை இழுத்துச் சோதிப்பது, தேதியைப் பிடிவாதமாகக் காப்பது எல்லாம் ஜெபத்துக்கு முந்தைய வேலைகள் என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. பிரிகாம் யங் அந்த அக்டோபர் ஞாயிறன்று மாவையும் கோவேறு கழுதையையும் கணக்கிட்டுக் கேட்டது எந்த அளவுக்கு மதமோ, அந்த அளவுக்கு இவையும் மதம். இந்தப் பாடத்தோடு வீடு திரும்புகிற பிள்ளை, பின்னாளில் ஒரு குடும்பத்தையோ ஒரு வகுப்பையோ ஒரு தொழிற்சாலையையோ பொறுப்பேற்கும்போது, தன்னை நம்பி வருகிறவர்களின் கையில் பச்சை மரத்தைக் கொடுக்க மாட்டாள்.